மாலை ஐந்து மணி யாருக்கு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடப்பவர் காதில் விழுவது கோயில் மணியோசை மட்டுமல்ல, தறியோசையும்தான். சேலையின் உடலும் கரையும் தனித்தனி நிறமாய், தனித்தனி நாடா ஓட்டி இணைக்கப்படுவது கோர்வை. அதற்கு ஒருவர் கை போதாது. மறுபுறமிருந்து நாடாவை வாங்கித் தர இன்னொரு கை வேண்டும். பல தறிகளில் அந்த இன்னொரு கை, பால்மணம் மாறாப் பாலகனின் கை! முன்பணம் வாங்கிய பெற்றோர், பிள்ளையை முதலாளியின் தறிக்கு அனுப்பிய கொடுமையை 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் உலக மனித உரிமை அமைப்பே ஏட்டில் ஏற்றியது.

அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் ஆச்சாரியார் திட்டம் தந்தார். குலக்கல்வி என்று கூறிக் கொதித்தெழுந்தது நம் இயக்கம். 1954-இல் அது குழிக்குப் போயிற்று. போயிற்றா? பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது, 2016-இல் டில்லி திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம்! ஆபத்தான தொழிலுக்கு விலக்குப் பட்டியல் உண்டாம். பட்டியலா வந்து மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறது?

அந்த மாலைப்பொழுதுதான் வழக்கே. 2021 அக்டோபர் 27-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அதே ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் பிள்ளைகளைப் புத்தகத்தோடு உட்கார வைத்தது. கொரோனாவில் இழந்த பாடத்தை, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே சொல்லித் தந்தனர், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. சொற்பம்தான், மறைக்கவில்லை. ஆனால் பிள்ளை வராவிட்டால், "ஏம்மா, தம்பி எங்கே?" என்று வாசலில் நின்று கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே! எந்தச் சட்டப் பட்டியல் அப்படிக் கேட்டது?

1909-இல் இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவை வளர்த்து ஆளாக்கியவர், அவர் 'தொத்தா' என்றழைத்த இராசாமணி அம்மையார். எல்லா வீட்டுக்கும் ஒரு தொத்தா வாய்ப்பதுண்டா?

தோழர்களே! பிள்ளையும் கை கொடுத்தால்தான் உலை கொதிக்கும் என்னும் நெசவாளியை நாம் பழிக்கவில்லை. கூலி உயர்வுப் போர் தனி, அதை விடப்போவதுமில்லை. ஆனால் மாலையில் நம் படிப்பகத்தில் உட்கார்ந்திருப்பது யார்? காலையில் படித்த நாளேட்டையே நாலாம் முறை புரட்டும் நாம்தானே! படித்த தோழர் ஒருவர், ஒரு மணி நேரம், ஐந்து பிள்ளைகள். கணக்கு வராதவர் வாசிக்கக் கற்றுத் தரட்டும். அதுவும் வராதவர், வராத பிள்ளையின் வீட்டுக்கு நடக்கட்டும். வரும் திங்கட்கிழமை ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள்; கேரம் பலகையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள்.