700 இசைத்தட்டுகளும் ஒரு வீடும்

"கலைக்கு நிறமில்லை, சாதியில்லை, எல்லையில்லை." ஆய்வு மாணவராகக் கருத்தரங்குகளில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றும்: கச்சேரி முடிந்த பிறகு அந்தக் கலைஞர்கள் எங்கே தூங்கப் போனார்கள்?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருந்தது. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் நிறத்தை வைத்து வகுத்தது. ஊர் வேறு, சேரி வேறு என்று நாம் அறிந்திருப்பதை அங்கே வரைபடம் போட்டு, அரசிதழில் அச்சடித்து, போலீசை நிறுத்தி நடத்தினார்கள். அங்கிருந்த தமிழர்களும் தப்பவில்லை. டர்பன் நகரின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் குடும்பங்கள் பிடுங்கி எறியப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டது இதே சட்டத்தால்தான்.

1976 ஜூன் 16 அன்று, ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன சொவெட்டோ பள்ளி மாணவர்களைப் போலீஸ் சுட்டது. அந்த ரத்தம் காய்வதற்குள், 1970களின் கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ராக் இசைக்குழு உருவானது. பெயர் நேஷனல் வேக். கிதார் வாசித்த இவான் கேடே வெள்ளையர்; யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பேஸ் கிதார் வாசித்த கேரி கோசாவும், டிரம்ஸ் வாசித்த புங்கா கோசாவும் சொவெட்டோவைச் சேர்ந்த கறுப்பினச் சகோதரர்கள். பின்னால் ஸ்டீவ் மோனி என்ற இன்னொரு வெள்ளைக் கிதார் கலைஞரும் சேர்ந்தார். லண்டனிலிருந்து கிளம்பிய பங்க், புதிய அலை ராக்கின் வேகத்தோடு ரெகேயும் ஃபங்க்கும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்தது அவர்களின் இசை. 'வேக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விழித்தெழுதல் என்றும் பொருள் உண்டு, இழவு வீட்டில் கண்விழித்திருத்தல் என்றும் பொருள் உண்டு. அன்றைய தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டுமே பொருந்தின.

ஆனால் அவர்கள் செய்த பெரிய குற்றம் பாட்டு அல்ல. வெள்ளையர் பகுதியான பார்க்டவுனில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்ததுதான். கறுப்பின மக்கள் பாஸ் புத்தகம் இல்லாமல் நகரத்தில் நடமாட முடியாது. உரிய அனுமதி இல்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கவும் முடியாது. அந்த நாட்டில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் ஒத்திகை பார்த்ததே சட்டமீறல். போலீஸ் தொல்லை ஓயவில்லை. இரு நிறத்தாரும் கலந்து உட்காரும் கச்சேரிக்கு அரங்கம் கிடைப்பதும் எளிதல்ல. வானொலியோ அரசின் கையில். பாடல் வரிகளைத் தணிக்கை செய்த அந்த ஒலிபரப்புக் கழகம், பிடிக்காத பாட்டைத் தவறியும் யாரும் ஒலிபரப்பிவிடக் கூடாதென்று இசைத்தட்டையே கூரான கருவியால் கீறி வைத்தது.

1981இல் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த டபிள்யூ.இ.ஏ. நிறுவனத்தின் மூலம் அவர்களின் ஒரே ஆல்பம் வந்தது. சுமார் 700 தட்டுகள் விற்றிருந்த நிலையில், அரசின் நெருக்குதலால் சந்தையிலிருந்து மறைந்தது. குழுவும் விரைவிலேயே கலைந்தது. மொத்தம் மூன்று ஆண்டுகள்கூடத் தேறாது.

2012இல் வெளிவந்த 'பங்க் இன் ஆப்பிரிக்கா' ஆவணப்படம் அவர்களை உலகுக்கு நினைவூட்டியது. 2013இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பாடல்களைத் தொகுத்து மறுவெளியீடு செய்தது. 'தொலைந்துபோன அற்புதம்' என்று கொண்டாடினார்கள். தொலைந்துபோக அது என்ன சட்டைப்பையிலிருந்து விழுந்த சில்லறையா? பெயர், முகவரி உள்ள ஓர் அரசு தொலைத்துக்கட்டியது. 'தொலைந்தது' என்று எழுதும்போது தொலைத்தவன் தப்பித்துவிடுகிறான்.

இன்னொன்றையும் பேச வேண்டும். குழு கலைந்த பின் கேடே அமெரிக்காவுக்குக் குடிபெயர முடிந்தது. கட்டடக் கலைஞராகத் தொழில் செய்ய முடிந்தது. கோசா சகோதரர்கள் அங்கேயே இருந்தார்கள். மறுவெளியீட்டுக் கொண்டாட்டத்தைப் பார்க்க இருவருமே உயிரோடு இல்லை. கேடேயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எடுத்த அபாயம் உண்மையானது, எடுக்காமலே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரே மேடை, ஒரே வீடு, ஒரே பாட்டு என்று இருந்தவர்களுக்குக்கூட ஒரே விலை இல்லை. வெள்ளையருக்கு வெளியேற ஒரு கதவு எப்போதும் இருந்தது. கறுப்பினத்தவருக்கு அந்த வீட்டுக்குள் நுழைவதே குற்றமாக இருந்தது.

தோழமை என்று நாம் சொல்வதை இங்கிருந்துதான் உரசிப் பார்க்க வேண்டும். சேர்ந்து பாடுவது நல்லது, தேவையானது. அதோடு நிறுத்திக்கொண்டால் அது பண்பாட்டு நிகழ்ச்சி. ஒத்திகைக்கு இடம் யாருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது, வழக்கு வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும், எல்லாம் முடிந்த பிறகு யார் பேட்டி கொடுக்க மிஞ்சியிருப்பார் என்றெல்லாம் கணக்குப் பார்த்துச் சுமையைப் பங்கிட்டால்தான் அது அரசியல்.

நேஷனல் வேக் பாடல்களைத் தேடிக் கேளுங்கள். இணையத்தில் கிடைக்கின்றன. கேரியின் பேஸும் புங்காவின் டிரம்ஸும் அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். மேலே ஒலிக்கும் எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கிறது. குழு கலைந்து பத்தாண்டு ஆவதற்குள், 1991இல், குழுப் பகுதிகள் சட்டம் ரத்தானது. 700 தட்டுகள் அதைச் செய்யவில்லை, லட்சக்கணக்கான மக்களின் போராட்டம் செய்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதே, அது இல்லாத ஒரு வீட்டில் வாழ்ந்து காட்டிய நால்வரையும் அந்தப் போராட்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.