முதலில் படிக்கவேண்டியவர்கள் பழைய படவரைஞர்களே

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு யன்னலை இரண்டடி தள்ளி வைக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால், ஓட்டோகாட் மென்பொருளில் வேலை செய்யும் படவரைஞருக்கு அது ஒரு திருத்தத்தோடு முடிவதில்லை. தளப்படத்தில் தள்ளவேண்டும், முகப்புப் படத்தில் தள்ளவேண்டும், வெட்டுமுகம் அவ்வழியே போனால் அதையும் மாற்றவேண்டும், கதவு யன்னல் அட்டவணையையும் ஒருதரம் பார்க்கவேண்டும். ஒன்று விடுபட்டால் மேசன் ஒரு படத்தைப் பார்த்துக் கல் வைப்பார், தச்சர் இன்னொரு படத்தைப் பார்த்து நிலை செய்வார். 1982இல் வந்த ஓட்டோகாட் வரைபலகைக்கும் மைப்பேனைக்கும் ஓய்வு கொடுத்தது. ஆனால் கோடு கோடாகவே இருந்தது. ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு இழுத்தால் அது சுவர் என்பது கீறியவருக்கும் பார்ப்பவருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. 2000இல் வெளிவந்து 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போன ரெவிற்றும், ஹங்கேரியில் உருவான ஆர்க்கிகாட்டும் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. அவற்றில் எழுப்பப்படுவது கட்டடத்தின் முழு மாதிரி. தளப்படம், முகப்பு, வெட்டுமுகம், அட்டவணை எல்லாம் அந்த ஒரே மாதிரியிலிருந்து எடுக்கப்படுபவை. யன்னலை ஒருமுறை தள்ளினால் எல்லாத் தாளிலும் தள்ளப்படும்.

யாழ்ப்பாணத்தில் இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது புதிதாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுவது எளிது. இருபது, முப்பது ஆண்டுகளாகப் பிளான் கீறி வருபவரைத் திரும்பவும் வகுப்பில் இருத்துவது வீண்வேலை என்பதே அதன் உட்பொருள். இதை நான் ஏற்கவில்லை. புதிய மென்பொருளில் சுவர் ஒன்றை வைக்கப் போனால் அது கேள்வி கேட்கும்: எந்த மட்டத்திலிருந்து எழும்புகிறது, எதுவரை போகிறது, கல்லின் தடிப்பு என்ன, பூச்சு இருபக்கமுமா? பதில் சொல்லாவிட்டால் வெளிநாட்டு வீடுகளுக்கென்று முன்கூட்டியே வைத்திருக்கும் அளவுகளைத் தானே எடுத்துக்கொள்ளும். கூரைக்கும் அப்படித்தான். பனைமர வளையும் கைமரமும் சிலாகையும் அதன் களஞ்சியத்தில் இல்லை. அளவு தெரிந்தவர் உருவாக்கி வைத்தால்தான் உண்டு. அத்திவாரம் எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது, பிளாட் போடும்போது பீமும் தூணும் எப்படிச் சந்திக்கின்றன என்பதைத் தளத்தில் நின்று பார்த்த ஒருவருக்கு இந்தக் கேள்விகள் சுமையல்ல. சொல்லப்போனால், கோடுகளால் சொல்ல முடியாமல் இத்தனை காலம் தலைக்குள்ளேயே வைத்திருந்ததை எழுதி வைக்க அவருக்கு இப்போதுதான் இடம் கிடைக்கிறது. கட்டளைகளை விரைவாகப் பிடித்துக்கொள்ளும் இளைஞரிடம் வேகம் இருக்கும். அந்த விடைகள் இன்னும் இராது.

பிரித்தானிய அரசு 2016 ஏப்ரலில் தன் செலவிலான கட்டடங்களுக்கு, முழு மாதிரியில் வேலை செய்யும் இம்முறையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2015இல் 5000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மாதிரியைக் கேட்கத் தொடங்கியது. அவை பெரிய கட்டடங்கள், இரண்டு பரப்புக் காணியில் எழும்பும் வீட்டுக்கு இது ஏன் என்று கேட்பது நியாயமே. மதில் கட்டவும் ஓர் அறை கூட்டவும் தேவையில்லைதான். ஆனால் இங்கு பல வீடுகள் ஒரே மூச்சில் முடிவதில்லை. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ காசு வரவர வளர்கின்றன. மேல்மாடிக்கென்று தூண்கம்பிகள் வெளியே நீட்டியபடி ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. மேல்மாடிக்குக் காசு வந்தபிறகு, கீழே என்ன போட்டோம் என்பதை வீட்டுக்காரரின் நினைவிலும் மடிந்து கிழிந்த தாளிலும் தேட வேண்டியிருக்கிறது. இன்னொன்று இதைவிடப் பாரதூரமானது. குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. மலக்குழியிலிருந்து கசிவது கிணற்றுக்கு வந்துசேர அந்தக் கல்லில் பெரிய தடை இல்லை. இங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடுகளும் மாணவர் விடுதிகளும் நெருங்கி நிற்கும் திருநெல்வேலியில் ஒருவர் குழியும் அயலவர் கிணறும் ஒரு மதிலுக்கு இருபுறமும் வரக்கூடும். வழமையான பிளானில் குழி என்பது காணிப் படத்தின் மூலையில் ஒரு வட்டம். வெட்டுமுகம் மண்டபத்தையும் படிக்கட்டையும் ஊடறுத்துப் போகும், குழிப் பக்கம் போகாது. மாதிரியில் குழியையும் கிணற்றையும் அவற்றின் ஆழத்தோடு வைத்துவிட்டால், இரண்டையும் சேர்த்து வெட்டிக் காட்ட ஒரு கோடு போதும். மென்பொருள் தானாக எச்சரிக்காது, வைத்தால்தான் காட்டும். வைக்கவேண்டும் என்று தெரிந்தவர் யார் என்பதுதான் கேள்வி, அதற்கான பதில் மேலே சொன்னதே.

விலை பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. ஓட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா டொலரில், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது அது இந்நாட்டுச் சிறிய அலுவலகத்துக்கு எட்டாத் தொலைவுக்குப் போனது. இது ஏழை நாட்டின் முறைப்பாடு மட்டுமல்ல. ஸஹா ஹடிட் பெயரிலான நிறுவனம் உட்பட பிரித்தானியக் கட்டடக்கலை நிறுவனங்கள் 2020இல் ரெவிற்றின் விலை ஏறுவதையும் வளர்ச்சி தேங்குவதையும் கண்டித்து ஓட்டோடெஸ்க் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. ஆகவே ரெவிற்றைத்தான் படிக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. இலவசமாகக் கிடைக்கும் பிறீகாட் 2024 நவம்பரில் தன் 1.0 பதிப்பை எட்டியது. கட்டட மாதிரிக்கான கருவிகள் அதனுள்ளேயே இருக்கின்றன. ரெவிற்றின் மெருகு அதில் இல்லை. ஆனால் சிந்திக்கும் முறை ஒன்றுதான், ஒன்றில் பழகியவர் மற்றதுக்கு மாறுவது கடினமல்ல. களவுப் பிரதிகளை நம்பித் தொழில் செய்வதைவிட இது நேர்மையான வழியும்கூட.

மிஞ்சுவது நேரம். முதல் மாதங்களில் வேலை மந்தமாகும். ஒரு நாளில் முடித்த பிளான் ஒரு கிழமை எடுக்கும், வருமானம் குறையும். இதை மறைத்து ஆட்களை வகுப்புக்கு அழைப்பது தவறு. கட்டி முடிந்த, தாமே கீறிய ஒரு வீட்டை முதல் பயிற்சியாக எடுத்தால் அந்தச் சுமை குறையும்: வீடு தெரியும், மென்பொருள் மட்டுமே புதிது. வகுப்பு எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் இருக்க, அதன் பொறியியல் பீடம் 60 கிலோமீற்றருக்கு அப்பால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. பகல் முழுக்க வேலை செய்பவர் அங்கே போய்வர முடியாது. திருநெல்வேலி வளாகத்திலேயே மாலை வகுப்பு நடத்தலாம், தமிழில், ஒரு கணினிக்கு ஒரு பொறியியல் மாணவரும் ஒரு படவரைஞருமாக. மாணவர் கட்டளையைச் சொல்லட்டும்; கைமரத்தின் அளவைப் படவரைஞர் சொல்லட்டும்.