விடியுமுன் கிளம்பும் ஜீப்புகளும் வகுப்பறையும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன்பே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியே இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுகின்றன. அம்மா போன பிறகு தம்பியையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுமி வகுப்பில் தூங்கினால், சக மாணவியிடம் எரிந்து விழுந்தால், 'அடங்காத பிள்ளை' என்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டம் (2009) 17-ஆவது பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியருக்கு மாற்று வழி கற்பிக்கப்பட்டதா? பி.எட். படிப்பின் உளவியல் தாள் பெரும்பாலும் தேர்வோடு மறந்துபோகிறது. உத்தமபாளையத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு பிள்ளையை ஒரு பருவம் முழுக்கக் கவனித்து, எந்த நாளில், எதற்குப் பிறகு முரண்டு பிடிக்கிறது எனக் குறித்துவைக்கும் பயிற்சியை அங்கு தொடங்கலாம் என்பேன். காய் எடுப்பு மும்முரமாகும் மாதங்களைத் தனியே பார்க்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தையும் ஜீப் திரும்பிய பிறகு, மாலையில் வைக்கலாம்.