அத்தையின் காதும் ஆரஞ்சு ஓட்டையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பெரியவன் காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கி வந்து, தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்து, தானே பூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டர். டி.வி.யோடு இணைத்துவிட்டால் வீடே தியேட்டர்தான் என்றான். வாஸ்தவம். டிவிடியில் தினம் மத்தியானம் ஒரு படம் என்று, அதிகம் அனுபவித்தது என் மாமியார்தான்.

பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டியை எங்களுக்கு விட்டுவிட்டு, ஐந்து ஸ்பீக்கர்களையும், கூட இருந்த பூம்பெட்டியையும் கட்டிக்கொண்டு போய்விட்டான். "பரண்ல பழைய ஸ்பீக்கர் ரெண்டு இருக்கும்மா. பச்சை ஓட்டையில சொருகிக்கோ, போதும்" என்றான். சொருகினேன். பாட்டு வந்தது. அப்பாடா என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேதான் பிடித்தது சனி!

மறுநாளிலிருந்து அத்தை, "பேசறது காதுல விழலை" என்று சத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டினால் சண்டைக் காட்சியும் பாட்டும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். பிளஸ் டூ படிக்கும் சின்னவளோ, "பாட்டி வேணும்னே பண்றாங்க. யூடியூப்ல சீரியல் மட்டும் நல்லாக் கேட்குதாம், சினிமா கேட்கலையாம்!" என்று குதித்தாள். இவர், "வயசாச்சு, காட்டிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கீச்சென்று ஒரு சத்தம், கொர்ரென்று ஒரு சத்தம் என்று அரைமணி நேரப் பரிசோதனை. வயசுக்கு உண்டான குறைவுதான், மெஷின் எதுவும் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி! எனக்கும் பொறுமை போய்விட்டது. "டாக்டரே நல்லா இருக்குன்னுட்டார். இன்னும் என்ன கேட்கலை உங்களுக்கு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அத்தை பதில் பேசவில்லை. ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

மனசு கேட்கவில்லை எனக்கு. ஒரு மத்தியானம் முருங்கைக் கீரையும் முறமுமாகக் கூடத்தில் உட்கார்ந்து, நானே ஒரு படத்தைப் போட்டு, "வாங்க அத்தை" என்று கூப்பிட்டேன். மழை பெய்கிறது; கேட்கிறது. ரயில் போகிறது, கேட்கிறது. வயலின் உருகுகிறது. ஆனால் கதாநாயகன் வாயைத் திறந்தால், கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி ஏதோ ஒன்று. கீரையை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கும் கேட்கவில்லை! இரண்டு மாதமாக ஒரு நாளாவது இந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேனா நான்?

ராத்திரி பிள்ளைக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ, அதை மாத்தாம வந்துட்டேம்மா!" என்றான். அவன் சொல்லித்தான் சூட்சுமம் புரிந்தது. இந்த மாதிரி டிவிடிகளில் ஒலியை ஆறாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, கடைசியாக அந்தப் பூம்பெட்டி. பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பச்சை ஓட்டை முன்பக்க இரண்டுக்கும், கறுப்பு பின்பக்கத்துக்கும், ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் பூம்பெட்டிக்கும். ஸ்பீக்கர்கள் ஊருக்குப் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வீடு காலி செய்து போனவருக்கு வருகிற தபால் மாதிரி, வசனத்தையெல்லாம் ஆரஞ்சு ஓட்டைக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. யூடியூப் சீரியலில் இடது, வலது இரண்டே பிரிவு. அதனால் அது மட்டும் கேட்டது. பாவம், அத்தை சொன்னது அத்தனையும் நிஜம்!

சரிசெய்ய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' என்று இருக்கும். அதில் 'பிளேபேக்' பக்கத்தில் ஸ்பீக்கரைத் தொட்டு, 'கான்ஃபிகர்' என்பதை அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் படமும் வரும். தொட்டால் அதிலிருந்து சத்தம் வர வேண்டும். நடுப் படத்தைத் தொட்டேன். நிசப்தம்! '5.1' என்றிருந்ததை 'ஸ்டீரியோ' என்று மாற்றி, கடைசிவரை 'நெக்ஸ்ட்' கொடுத்தேன். ஆறு பங்கும் இரண்டு ஸ்பீக்கருக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

அன்று போனை வைக்காமல் மற்றக் கோளாறுகளையும் கேட்டுக்கொண்டேன். சிலர் வீட்டில் தனி ஸ்பீக்கர் கிடையாது, ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டி.வி.யிலேயே சத்தம் வரும். தூசி தட்டும்போது அதைப் பிடுங்கி மாட்டிவிட்டு, சத்தமே வரவில்லை என்று தவிக்க வேண்டாம். திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு அடியில் எழுத்து பாதி மறைந்தால், குற்றம் டி.வி.யினுடையது. ரிமோட்டில் படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வையுங்கள். வாய் முதலில் அசைந்து பேச்சு பின்னால் வருகிறதா? வி.எல்.சி.யில் பார்ப்பவர்கள் கீபோர்டில் 'ஜே' எழுத்தைத் தட்டத் தட்டப் பேச்சு முன்னால் வரும், அதிகமாகிவிட்டால் 'கே'.

எங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் படம் விக்கி விக்கி வரும். அதற்குக் காரணம் நம் பரம வைரி, ஒட்டடை! மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். காற்றாடியில் பஞ்சு மெத்தையே இருந்தது. காற்றாடி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். தண்ணீர்த் துணி மட்டும் கூடவே கூடாது.

மறுநாள் அத்தையை உட்காரவைத்து, சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் படத்தைப் போட்டேன். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தை" என்று ஆரம்பித்தேன். "ஷ்... பேசறாங்க இல்ல" என்று கையைக் காட்டினார். இரண்டு மாதத்தில் பார்த்த படங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது படம் ஓடும்போது அடுப்படிக்கே குரல் வந்தது.

"ஏம்மா, இவன் வில்லனா? நான் அந்தப் பொண்ணோட தம்பின்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்!"