பெயர்ப் பட்டியலில் இல்லாத பையன்

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டிய இரண்டாவது நாள் அந்தப் பையன் என்னைத் தேடி வந்தான். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் தினமும் 11 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவன்.

“அண்ணே, சைக்கிள் ரேஸுக்குப் பேரு குடுக்கப் போனேன். நோட்டுல எழுதல. உங்க தெருப் பசங்களுக்குத் தனியா ஒரு ரேஸ் வைக்கிறோம், அதுல ஓட்டிக்கன்னு சொல்றாங்க. பரிசு ரெண்டுக்கும் ஒண்ணுதானாம்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. தனியாக வைத்தால் கண்டிப்பாக ஜெயித்துவிடலாம் என்ற கணக்கும் அவன் முகத்தில் தெரிந்தது. ஓட்டலாமா, வேண்டாமா என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

மனு எழுதித் தருகிறேன், தாசில்தாரிடம் கொடுப்போம் என்றேன். “வேணாம்ணே. அப்பா அவங்க வயல்லதான் வேலை பாக்குறாரு” என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச? ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

மார்ஷல் டெய்லர் என்பது அவன் பெயர். 1878இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த கறுப்பினப் பையன். அப்பா ஒரு பணக்கார வெள்ளைக்காரர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுத் துணையாக டெய்லரும் அங்கேயே வளர்ந்தான். நல்ல உடுப்பு கிடைத்தது, சைக்கிளும் கிடைத்தது. ஆனால் கூட்டாளிகள் எல்லாம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது இவனை மட்டும் சேர்க்கவில்லை. காரணம், தோல் நிறம். கூட விளையாடிய பையன்கள் எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை.

பிறகு அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பையன் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கடையைக் கூட்டிப் பெருக்குவது ஒரு வேலை. கடை வாசலில் சைக்கிளில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பது இன்னொரு வேலை. வித்தை காட்டும்போது பட்டாளத்துக்காரர் உடுப்பு மாட்டிவிடுவார்கள். அதில் வந்ததுதான் ‘மேஜர்’ என்ற பட்டம். உலகம் அவனை மேஜர் டெய்லர் என்றே அறிந்தது. வேடிக்கை காட்டக் கூப்பிடுவார்கள், சரிசமமாக நிற்கக் கூப்பிட மாட்டார்கள். பறையடிக்க முன்வரிசையும் பந்தியில் கடைசி வரிசையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சைக்கிள் பந்தயம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். பந்தயங்களைக் கட்டி மேய்த்தது அமெரிக்க சைக்கிளோட்டிகள் சங்கம். 1894இல் அந்தச் சங்கம் தன் விதியில் ‘வெள்ளையர்’ என்ற சொல்லைச் சேர்த்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று ஆனது. பந்தயத்தில் ஓட்டவே கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. ஆனால் ஒரு கறுப்பனை ஒதுக்கிவைக்க நினைப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும். ‘சங்கத்து விதி அப்படி, நாங்கள் என்ன செய்ய?’ என்று சொல்லிவிடலாமே. நம் ஊர்களில் எழுதாமலே நடப்பதை அவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள் வெளிப்படையானவர்கள்தான்.

அடுத்த ஆண்டு, 1895, டெய்லருக்கு 16 வயது. பணத்துக்காக ஓட்டும் தொழில்முறை வீரன் ஆகாத பருவம். அந்த ஒரே கோடையில் அவன் ஓட்டிய மூன்று பந்தயங்களைப் பாருங்கள்.

முதல் பந்தயம் ஜூன் 30 அன்று. 75 மைல் சாலைப் பந்தயம், அதாவது சுமார் 120 கிலோமீட்டர். திருச்சியில் ஏறி மிதித்தால் கிட்டத்தட்ட மதுரைக்குப் பக்கம் வந்துவிடும். அதுவும் மண் சாலை. இந்தப் பந்தயத்தில் டெய்லர் ஓட்டப்போகிறான் என்பது மற்ற போட்டியாளர்களுக்குத் தெரியாது. பந்தயம் தொடங்கும் நேரத்தில்தான் தெரிந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவனைத் தொடக்கக் கோட்டுக்கே வரவிட்டிருக்க மாட்டார்கள்.

சைக்கிள் பந்தயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் போகிறவன் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்குக் காற்று பாதிதான். அவன் கால்பங்கு உழைப்பையாவது மிச்சம் பிடிக்கலாம். லாரிக்குப் பின்னால் சைக்கிள் விட்டவர்களுக்கு இது தெரியும் (இதைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க வேண்டாம்). அதனால்தான் நீண்ட தூரப் பந்தயத்தில் எதிரிகள்கூட மாறி மாறி முன்னால் போய் ஒருவருக்கொருவர் காற்று மறைத்துக்கொள்வார்கள். கூட்டத்தோடு போகிறவன் பிழைப்பான். தனியாகப் போகிறவன் தளர்ந்துபோவான்.

டெய்லருக்கு அந்த மறைப்பு கிடைக்கவில்லை. கூட்டத்தை நெருங்கியபோது வெள்ளை வீரர்கள் மிரட்டினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கிராமச் சாலையில் 16 வயதுப் பையன் என்ன செய்வான்? அவர்களைத் தாண்டித் தனியாகப் பறந்தான். எதிர்காற்று முழுவதும் அவன் நெஞ்சில்தான். அந்தப் பந்தயத்தை ஓட்டி முடித்தது ஒரே ஒருவன். மற்ற எல்லோரும் வழியிலேயே விட்டுவிட்டார்கள்.

இதை வீரம் என்று மேடையில் பேசலாம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் ஓடியது பாதி பயத்தில். ஜெயித்ததற்குக் கைதட்டுகிற நாம், பயந்துகொண்டு மிதித்த அந்த மைல்களை மறந்துவிடுகிறோம். நம் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களைக் கேளுங்கள். பரீட்சையில் பாஸானதைச் சொல்வார்கள். விடுதியில், வகுப்பில், தேர்வுக்கூடத்தில் தனியாக வாங்கிய எதிர்காற்றைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது பந்தயம் நான்கு நாள் கழித்து, ஜூலை 4 அன்று. அமெரிக்காவின் சுதந்திர தினம். அதே நகரில் 10 மைல் சாலைப் பந்தயம். டெய்லர் ஜெயித்தான். அந்த வெற்றி அவனைச் சிகாகோவில் நடந்த போட்டிக்குத் தகுதியாக்கியது. அது கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த தேசியப் போட்டி. அங்கே 10 மைலை 27 நிமிடம் 32 வினாடியில் முடித்து முதலாவதாக வந்தான். ‘கறுப்பின வீரர்களில் சாதனை’ என்று எழுதினார்கள்.

அந்த இடத்தில் நான் கதையை நிறுத்தி அந்தப் பையனிடம் கேட்டேன். கடிகாரத்துக்கு நிறம் உண்டா தம்பி?

டெய்லர் அந்தச் சிகாகோ போட்டியில் ஓட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் தாங்களே கட்டிய மன்றங்களும் போட்டிகளும் இல்லாவிட்டால் அவனுக்கு அந்த ஆண்டு ஓட்ட இடமே இருந்திருக்காது. நாமாக நமக்குக் கட்டிக்கொள்வது வேறு. அவர்கள் நம்மைப் பிரித்துவைப்பது வேறு. பொங்கல் கமிட்டி நோட்டில் பெயர் எழுத மறுத்துவிட்டு, ‘உங்களுக்கும் தனியாக ஒன்று’ என்று நீட்டுவது இரண்டாவது வகை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனும் அதே டீயைத்தான் ஊற்றினான்.

அதே காலத்தில் இந்தியாவிலும் ஒருவர் இருந்தார். பல்வங்கர் பாலூ, தலித் கிரிக்கெட் வீரர். புனேயில் அவர் பந்துவீச்சு தேவைப்பட்டபோது இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில் தேநீர். பாலூ 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். நம் பாடப்புத்தகத்தில் அவரைப் படித்த நினைவு எனக்கு இல்லை.

டெய்லர் கதையை முடித்துவிடுகிறேன். 1896இல் சொந்த ஊர்ப் பந்தயத் திடலில் வெள்ளை வீரரின் சாதனையை முறியடித்தான். பரிசாகக் கிடைத்தது, அந்தத் திடலில் ஓட்டத் தடை. அதற்கு முன்பே, அவன் திறமையை மதித்த வெள்ளைக்கார முதலாளி ஒருவர் அவனை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அழைத்துப் போயிருந்தார். 1897இல் ஒரு போட்டி முடிந்ததும் தோற்ற வீரர் ஒருவர் டெய்லரைக் கீழே தள்ளி, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். அந்த ஆளுக்குத் தண்டனை 50 டாலர் அபராதம். 1899இல் கனடாவின் மாண்ட்ரியலில் டெய்லர் உலக சாம்பியன் ஆனார். கடைசிக் காலத்தில் தன் வரலாற்றைத் தானே அச்சடித்து வீடு வீடாக விற்றார். 1932இல் சிகாகோவில் தர்ம ஆஸ்பத்திரி வார்டில் இறந்தார். ஏழைகளுக்கான குழியில் புதைத்தார்கள். ஓட்டத் தடை விதித்த இண்டியானாபொலிஸ், 1982இல் தன் புதிய சைக்கிள் திடலுக்கு அவர் பெயரையே வைத்தது. சைக்கிளோட்டிகள் சங்கம் 1894ஆம் ஆண்டு விதியை முறைப்படி கைகழுவியது 1999இல். ஒரு சொல்லை அழிக்க 105 ஆண்டு.

என் அப்பாவிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்குவார். தெரு முடியும்வரை உருட்டிக்கொண்டு போவார். பிறகு ஏறிக்கொள்வார். கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது அது ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது. பள்ளி மாணவர்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது, முதலில் கொடுத்தது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத்தான். பிறகுதான் எல்லோருக்கும் விரிந்தது. எங்கள் அப்பாக்கள் உருட்டிப்போன தெருக்களில் எங்கள் பெண்பிள்ளைகள் பெல் அடித்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே சைக்கிள் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

அந்தப் பையன் தனி ரேஸில் ஓட்டினான். ஜெயித்தான். ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். ஊர் ரேஸில் முதலாவது வந்த பையனைவிட இவன் வேகம் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். இல்லை, அவன்தான் வேகம் என்று அவர்கள் தெருவில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இருவரில் யார் வேகம் என்று அந்த இரண்டு பையன்களுக்குமே தெரியாது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

ஊராட்சிச் சாலையில், போலீஸ் பந்தோபஸ்தோடு, மைக் கட்டி நடக்கிற பந்தயம் யாருடைய வீட்டு விசேஷமும் இல்லை. அனுமதி கொடுக்கும்போதே, பெயர் கொடுக்க வருகிற எல்லோர் பெயரையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும் என்று ஒரு வரி நிபந்தனை போட அதிகாரிகளுக்குப் பேனா இல்லையா? மனு கொடுக்கிறவன் அப்பா யார் வயலில் வேலை பார்க்கிறார் என்று பார்க்க வேண்டிய நிலை அப்போது வராது.

செப்டம்பர் வருகிறது. அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவில் அரசு சைக்கிள் போட்டி நடத்தும். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள், மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனியே. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும், கியர் சைக்கிளுக்கு இடமில்லை. லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருக்கிறவன் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். எனக்குத் தெரிந்து இவ்வளவு நியாயமான பந்தய விதி வேறு இல்லை.

பையனுக்கு 17 முடிவது டிசம்பரில்தான். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. சைக்கிளுக்கு செயின் புதிதாக மாட்ட வேண்டும், பின்டயர் தேய்ந்துபோயிருக்கிறது. அந்த இன்னொரு பையனும் வருகிறானாம். வகுப்பில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.