பாதிரியார் வீட்டு அடிமைகள்

அமெரிக்காவில் அடிமைத்தனம் என்றால் அது தெற்கே பருத்திக் காட்டு முதலாளிகள் செய்த அக்கிரமமென்றும், வடக்கே இருந்தவர்களெல்லாம் தர்மவான்களென்றும் சொல்லுவது வழக்கமாயிருந்து வருகிறது. இப்பேச்சின் யோக்கியதையை மாசசூசெட்ஸில் உள்ள டீர்ஃபீல்டு என்னும் சிற்றூரின் பழைய கணக்குகளே சொல்லும். அந்த மாசசூசெட்ஸ், 1641-லேயே அடிமைத்தனத்தைச் சட்டத்தில் ஏற்றிக்கொண்ட நாடு என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அவ்வூரில் 1732 முதல் 1780 வரை பாதிரியாராயிருந்தவர் ஜோனதன் ஆஷ்லி. மேய்ப்பர் என்று பட்டம். அவர் வீட்டிலேயே ஜென்னி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் அவள் மகன் கேட்டோவும் அடிமைகள்! 1749-ல் இவர் ஊரிலுள்ள அடிமைகளுக்கென்றே ஒரு பிரசங்கம் செய்தார். கிறிஸ்தவனாவதால் அடிமை எஜமானனை விட்டு நீங்கிவிட முடியாது, கர்த்தருக்குள் சுதந்திரவாளியாகலாம் என்பதே அதன் சாரம். அதாவது ஆத்துமாவுக்கு விடுதலை, உடம்பு எஜமானுக்கு! ஆத்துமாவை எந்தச் சந்தையில் யார் விலைக்குக் கேட்டார்கள் என்று நாம் கேட்கின்றோம்.

லூசி டெர்ரி என்ற குழந்தை 1735-ல் அவ்வூர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றாள். தலையில் ஊற்றிய தண்ணீர் அவளது அடிமைத்தனத்தைக் கழுவவில்லை. 1746-ல் அவ்வூரில் நடந்த சண்டையைப் பற்றி அவள் கட்டிய பாட்டு, வாய்மொழியாகவே இருந்து 1850-களில்தான் அச்சேறியது. அதைக் கட்டிய காலத்தில் அவள் பிறருக்குச் சொத்து.

ஜென்னி 1808 வரை உயிரோடிருந்தாள். செத்தால் தன் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போவோமென்று நம்பி, கொண்டுபோவதற்காகப் பித்தான்களையும் சில்லறைச் சாமான்களையும் சேர்த்து வைத்து வந்தாளாம். அவ்வூர்ச் சரித்திரக்காரரே எழுதி வைத்திருக்கிறார். இதுவும் மூடநம்பிக்கைதானே என்று நம் தோழர்கள் கேட்கலாம். மூடநம்பிக்கைதான். ஆனால் பாதிரியார் காட்டிய பரலோகம் அவளுக்குப் போதவில்லை. அவள் தன் ஊரையல்லவா கேட்டாள்! அடிமைகளை அன்பாய் நடத்தினார்கள், அவர்களும் திருப்தியாய் இருந்தார்கள் என்று எழுதும் பெரியோர்கள் அந்தப் பித்தான்களுக்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?