பாதிக் கடல்ல எதிர்காத்து!

ஐப்பசி, கார்த்திகை வாடைக் காத்துல குடிகாட்டுல இருந்து கடலூர் பக்கமா சைக்கிள் மிதிச்சுப் பாருங்க பாஸ். போறப்போ நாக்கு தள்ளும். திரும்பறப்போ வண்டி சும்மா பறக்கும். 'அங்கே விட்டதை இங்கே பிடிச்சாச்சு, கணக்கு சரி'னு தோணும். அதான் இல்லை! எதிர்காத்து தின்ன நேரத்தைப் பின்காத்து முழுசாத் திருப்பித் தராது. சைக்கிள்ல அது வேர்வையோட போச்சு. குட்டி விமானத்துல, கீழே வெறும் கடல் மட்டும் இருக்கறப்போ?

சின்னதா ஒரு கணக்கு. விமானத்தோட வேகம் மணிக்கு 200 கி.மீ. தாண்ட வேண்டிய கடல் 1,000 கி.மீ. காத்தே இல்லேன்னா 5 மணி நேரம். டாங்க்ல 7 மணி நேரத்துக்குப் பெட்ரோல். தாராளம்தானே? இப்போ எதிர்ல 50 கி.மீ. வேகத்துல காத்து அடிக்குது. நிஜமா நீங்க நகர்ற வேகம் 150தான். பயணம் 6 மணி 40 நிமிஷம் ஆகும். 2 மணி நேரக் கையிருப்பு 20 நிமிஷமாச் சுருங்கிடுச்சு!

இதுல வில்லங்கமே, விமானத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. வேகமானி அப்பவும் 200தான் காட்டும். ஏன்னா, அது அளக்கிறது காத்தோட ஒப்பிட்ட வேகத்தை. இன்ஜின் சத்தம்கூட மாறாது. ஜி.பி.எஸ். வந்த பிறகு தரைவேகம் பளிச்சுனு தெரியுது. அதுக்கு முன்னாடி சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து இடத்தைக் கணக்குப் போடணும்.

அப்படிப் போன அமெலியா இயர்ஹார்ட்டை எல்லாருக்கும் தெரியும். ஆனா, நம்ம வங்கக் கடல் ஓரத்துல அவங்க பண்ணின ஒரு வேலையை நிறையப் பேர் சொல்ல மாட்டாங்க. 1937 ஜூன்ல கராச்சி, கல்கத்தா வழியா வந்து, இப்போ மியான்மர்ல சித்வேனு சொல்ற அக்யாபுல இறங்கினாங்க. அங்கிருந்து ரங்கூனுக்குக் கிளம்பினா, பருவமழை சுவர் மாதிரி மறிச்சது. முட்டி மோதிப் பார்த்துட்டு அக்யாபுக்கே திரும்பிட்டாங்க. அடுத்த நாள்தான் ரங்கூன். திரும்பினதுல எந்த கௌரவமும் குறையலை.

ரெண்டு வாரம் கழிச்சு, ஜூலை 2. நியூ கினியாவோட லே ஊர்ல இருந்து பசிபிக்ல இருக்கிற ஹௌலேண்ட் தீவுக்கு, 4,000 கி.மீ.க்கு மேல. கூட வழிகாட்டி ஃப்ரெட் நூனன். வழியில ரேடியோவுல காத்து வேகம் 23 நாட்னு சொன்னாங்க. அதாவது மணிக்கு 43 கி.மீ. சுமார் 20 மணி நேரம் கழிச்சு, தீவு கண்ணுல படலை, பெட்ரோல் குறையுதுனு சேதி வந்தது. அதோட சரி. அவங்க மறைஞ்சதுக்குக் காத்து மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா, தீவைத் தேடிச் சுத்தறதுக்கு வேண்டிய பெட்ரோலை முதல்ல தின்கிறது எதிர்காத்துதான்.

சரி, நாம பைலட்டா இருந்தா?

பழைய கணக்குக்கே வாங்க. 500 கி.மீ. வந்தாச்சு. 'பாதி தாண்டியாச்சு, இனி என்ன திரும்பறது'னு மனசு சொல்லும். காகிதம் வேற சொல்லும். இதுவரைக்கும் 3 மணி 20 நிமிஷம் போச்சு. மிச்சம் 3 மணி 40 நிமிஷத்துக்குப் பெட்ரோல். முன்னால போனா 3 மணி 20 நிமிஷம்; கையில 20 நிமிஷம். திரும்பினா அதே காத்து முதுகுல தள்ளும், 2 மணி நேரத்துல ஊர். கையில 1 மணி 40 நிமிஷம்! எதிர்காத்துல 'பாதி வழி'ங்கிறது பாதித் தூரத்துல இல்லை. இந்தக் கணக்குல அது 625 கி.மீ.ல இருக்கு. அதனால 'இந்த மணிக்கு இந்த இடத்துக்கு வரலைன்னா திரும்பறோம்'னு தரையில இருக்கும்போதே எழுதி வெச்சுடணும். பதற்றத்துல மூளை வக்கீல் மாதிரி, நமக்குப் பிடிச்ச பக்கமே வாதாடும்.

'ஆக்ஸிலேட்டரை முறுக்கினா என்ன?' கேட்பீங்க. வேகத்தை 200ல இருந்து 240 ஆக்கினா காத்தோட தடை எகிறும். ஏறக்குறைய 70 சதவிகிதம் அதிகமா சக்தி வேணும். சீக்கிரம் போகலாம், அதைவிடச் சீக்கிரம் டாங்க் காலி. லேசா வேகம் கூட்டறது லாபம், முறுக்கறது நஷ்டம். இன்னொரு வழி, உயரத்தை மாத்தறது. ஒவ்வொரு அடுக்குலயும் காத்து வேற வேற. பொதுவா கீழே இறங்க இறங்க எதிர்காத்து தணியும்.

எல்லாத்தையும்விட நல்ல வழி, கடலைத் துண்டு போடறது. மும்பைப் பொண்ணு ஆரோஹி பண்டிட் 2019 மே மாசம் அட்லான்டிக்கைத் தனியாத் தாண்டினாங்க. வண்டி, 80 குதிரைசக்தி இன்ஜின் போட்ட சைனஸ் 912. ஒரே தாவாத் தாவலை. ஸ்காட்லாந்தின் விக், ஐஸ்லாந்து, கிரீன்லாந்துனு இறங்கி இறங்கி, கனடாவின் இக்காலுயிட்ல போய் நின்னாங்க. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் காத்தைப் புதுசாப் படிக்கலாம், டாங்க்கை நிரப்பலாம்.

இந்த வார ஹோம்வொர்க்: எதிர்காத்து 50 இல்லை, 60னு வெச்சுக்குங்க. வெறும் பத்துதானே கூடுதல்? 7 மணி நேரப் பெட்ரோலுக்கு 980 கி.மீ. வருது.

மிச்சம் 20 கி.மீ. நீச்சல் தெரியுமா பாஸ்?